ஜிரோ இசைவிழாவுக்கு நண்பர்களோடு போனவர்களும் போக நினைப்பவர்களும் பேச ஓர் இழை

நாவற்பழம்

அருணாசலப் பிரதேசத்தின் ஜிரோ இசைவிழா பற்றி இங்கே அவ்வப்போது ஒற்றை வரிக் கேள்விகள் வருகின்றன. யாராவது பதில் எழுதுவதற்குள் அவை வேறு பேச்சில் புதைந்துபோகின்றன. போய்வந்தவள் என்ற உரிமையில் தனியாக ஓர் இழை தொடங்குகிறேன்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாரோடு போவது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். யார் பாடுகிறார்கள் என்ற பட்டியலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். பட்டியலில் முக்கால்வாசிப் பெயர்கள் நமக்குத் தெரியாதவையாகவே இருக்கும். விழாவின் ருசியே அதில்தான் இருக்கிறது. நகரத்துப் பெரிய நிகழ்ச்சிகளுக்கு ஏற்கெனவே மனப்பாடமான பாட்டைக் கேட்கத்தான் போகிறோம். இங்கே நாகாலாந்திலிருந்தோ மிசோரமிலிருந்தோ வந்த நான்கு பேர், நமக்கு ஒரு சொல்லும் புரியாத மொழியில் பாடத் தொடங்குவார்கள். இரண்டாவது பாட்டு முடிவதற்குள் பக்கத்தில் இருக்கும் தோழியைத் திரும்பிப் பார்ப்போம். அவளும் அதே நேரத்தில் நம் பக்கம் திரும்பியிருப்பாள். அதற்காக எவ்வளவு தூரமும் போகலாம் என்பேன்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: விழா 2012இல் தொடங்கியது. ஜிரோவைச் சேர்ந்த பாபி ஹானோவும், டெல்லியின் மென்வோபாஸ் என்ற ராக் குழுவில் கிட்டார் வாசித்த அனூப் குட்டியும் சேர்ந்து தொடங்கினார்கள். இடம் கீழ் சுபன்சிரி மாவட்டம். கடல்மட்டத்துக்கு 1,500 மீட்டருக்கும் மேலே, சுற்றிலும் பைன் மரங்கள் அடர்ந்த மலை, நடுவில் சமதளமாக நெல்வயல். அபதானி என்ற பழங்குடி மக்களின் பூமி. பகலில் டான்யி மேடை, இருட்டிய பிறகு பீலோ மேடை. சூரியனுக்கும் சந்திரனுக்கும் அவர்கள் மொழியில் உள்ள பெயர்கள் அவை. மேடைகளை உள்ளூர்க் கைகள் மூங்கிலால் கட்டுகின்றன. ஒரு மேடையில் பாட்டு ஓய்ந்ததும் இன்னொன்றுக்கு நடந்தே போய்விடலாம். கூட்டாளிகளில் ஒருவர் தொலைந்தால் தேநீர்க் கடையில் கிடைப்பார்.

நாங்கள் போனபோது ஒரு பிற்பகல். கிட்டாரும் குரலுமாக இருவர் பாடிக்கொண்டிருந்தார்கள். பாட்டின் நடுவில் கிட்டாரின் மெல்லிய கம்பி அறுந்துவிட்டது. அந்தப் பெண் பாட்டை நிறுத்தவில்லை. கண்ணை மூடிக்கொண்டு குரலை மட்டும் வைத்துத் தொடர்ந்தாள். புல்தரையில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பையன் தன் தோளில் மாட்டியிருந்த கிட்டாரை உறையிலிருந்து எடுத்து மேடைக்கு நீட்டினான். அவனும் மறுநாள் மேடையேற வேண்டியவன் என்று பிறகு தெரிந்தது. மேடையில் இருந்தவர் அதை வாங்கி, சுருதி பார்த்து, அதே பாட்டின் கடைசிச் சரணத்தில் வந்து சேர்ந்துகொண்டார். அந்த இடைவெளியில் கூட்டத்தில் ஒருவர்கூடப் பேசவில்லை. ஒரு மணி நேரம் கழித்து அந்த இருவரும் சாப்பாட்டுக் கடை வரிசையில் எங்களுக்குப் பின்னால் நின்றார்கள். எங்கள் கூட்டத்தில் சினிமாப் பாட்டைத் தவிர வேறெதுவும் கேட்டறியாத ஒருவன், அந்தப் பெண்ணிடம் அந்தப் பாட்டைப் பற்றியே கேட்டுக்கொண்டு நின்றான். சாப்பாடு ஆறிப்போனது.

கடற்கரைச்சாலை

நன்றி தோழி. நாங்கள் நான்கு பெண்கள் போகலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். வீட்டில் கேட்கும் கேள்விகளை அப்படியே கேட்கிறேன். பாதுகாப்பு எப்படி? கூடாரமா, வீடா? இரவு எத்தனை மணிவரை பாட்டு? சைவச் சாப்பாடு கிடைக்குமா? எங்களில் ஒருத்தி முட்டைகூடச் சாப்பிட மாட்டாள்.

வெள்ளிமீன்

நாவற்பழத்தோடு போன கூட்டத்தில் நானும் ஒருத்தி, அதனால் நான் சொல்கிறேன்.

முதல் தடவை போகிறீர்கள் என்றால் உள்ளூர் வீடுகளில் தங்குங்கள். ஜிரோவின் கடைத்தெரு ஊரான ஹபோலியிலும், ஹோங், ஹரி போன்ற பழைய ஊர்களிலும் வீட்டிலேயே அறை கொடுக்கிறார்கள். அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து ஈரக் காலுறையைக் காயவைக்கலாம். அந்த வீட்டு அக்கா என்னென்ன பார்த்தீர்கள் என்று விசாரிப்பார். கூடாரத்தில் கொண்டாட்டம் அதிகம், தூக்கம் குறைவு. மழை பெய்தால் இரண்டுமே போய்விடும். விழா நடக்கும் செப்டம்பர் கடைசியில் அங்கே மழை ஓய்ந்துவிட்டது என்று நம்பி யாரும் போக வேண்டாம். ஹபோலிக் கடைத்தெருவில் முழங்கால்வரை வரும் ரப்பர் பூட்ஸ் கிடைக்கும். வந்து இறங்கியதும் முதல் வேலையாக அதை வாங்கிவிடுங்கள். எங்களில் வாங்கியவர்கள் ஆடினார்கள், வாங்காதவர்கள் ஓரமாக நின்றார்கள்.

பெண்கள் நடமாட்டத்துக்கு அந்த ஊரில் கட்டுப்பாடு குறைவு என்றுதான் எனக்குப் பட்டது. கடை நடத்துவது, காசு வாங்குவது, வழி சொல்வது எல்லாம் பெரும்பாலும் பெண்கள். ஆனால் குடிப்பவர்கள் இருப்பார்கள், அதை மறைக்க வேண்டியதில்லை. இரவு திரும்பும்போது நால்வரும் சேர்ந்தே திரும்புவது, வண்டியைப் பகலிலேயே பேசிவைப்பது என்ற இரண்டு ஒழுங்குகளை வைத்துக்கொண்டோம். எந்தச் சங்கடமும் வரவில்லை.

இன்னொன்று, நேரக் கணக்கு. நாட்டின் கிழக்குக் கோடி என்பதால் மாலை ஐந்தரைக்குள் இருட்டிவிடும். சென்னையில் காபி குடிக்கும் நேரத்துக்கு அங்கே இரவு மேடை தொடங்கத் தயாராகிக்கொண்டிருக்கும். குளிரும் கூடவே வந்துவிடும். ஸ்வெட்டரைப் பகலிலேயே பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

சைவம்: சோறு, பருப்பு, வேகவைத்த கீரை, காய்கறி மோமோ கிடைக்கும். பட்டினி கிடக்க வேண்டாம். ஆனால் மூங்கில் குருத்து போட்டுச் சமைக்கும் புகைப் பன்றிக்கறிதான் அந்த ஊரின் பெருமை. சாப்பிடுகிறவர்கள் அதை விடக் கூடாது. சாம்பலிலிருந்து காய்ச்சி எடுக்கும் தப்யோ என்ற உப்பையும் கேட்டு வாங்கிச் சுவைத்துப் பாருங்கள்.

தஞ்சைவயல்

எனக்கு இந்த இசை பற்றி ஒன்றும் தெரியாது. நெல்வயல் என்று எழுதியதைப் பார்த்து வந்தேன். அந்த உயரத்தில் அவ்வளவு சமதளமான நெல்வயல் எப்படி? வயலிலேயே மீன் வளர்ப்பதாக எங்கேயோ படித்த நினைவு. யாராவது விவரமாகச் சொல்ல முடியுமா?

நாவற்பழம்

ஐயா, நீங்கள் கேட்டதில் எனக்கு மிகவும் சந்தோஷம். பகல் மேடைக்குப் போகும் வழியெல்லாம் நாங்கள் வாய்பிளந்து பார்த்தது அதைத்தான்.

ஏர் கிடையாது, உழவு மாடு கிடையாது. எல்லாம் கை மண்வெட்டிதான். மலை ஓடைகளை மடக்கி, வாய்க்கால் வெட்டி, வயலுக்கு வயல் தண்ணீர் இறங்கும்படி வைத்திருக்கிறார்கள். ஒரு வயலிலிருந்து அடுத்ததற்கு நீர் பாயும் மடையில் மூங்கிலையோ பைன் மரத்தையோ குடைந்த குழாயைப் பதித்திருப்பார்கள். வயலின் நடுவே ஒரு பள்ளமான கால்வாய் ஓடும். நாற்று நட்ட பிறகு கெண்டைக் குஞ்சுகளை விடுகிறார்கள். தண்ணீர் நிறைந்திருக்கும்போது மீன் பயிருக்கிடையே திரியும். நீரை வடிக்கும்போது பள்ளத்துக்குள் போய்விடும். இந்த மீன் பழக்கம் அறுபதுகளுக்குப் பிறகு பரவியது. வரப்பையும் சும்மா விடுவதில்லை. அதில் கேழ்வரகு! கதிர் முற்றிச் சாய்ந்திருந்த கேழ்வரகைப் பார்த்ததும் எங்கள் கூட்டத்திலிருந்த தர்மபுரிக்காரன் அங்கேயே குந்திவிட்டான். ரசாயன உரத்தை நம்பாத விவசாயம் அது. உமி, சாம்பல், கோழி எச்சம், அறுத்த தாளின் மிச்சம் எல்லாம் வயலுக்கே திரும்பிப் போகின்றன.

விழா நடக்கும் சமயத்தில் நெல் மஞ்சளாகி அறுவடை தொடங்கியிருக்கும். மேடையில் ஒலி சரிபார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்தப் பக்கம் பெண்கள் கதிரை அறுத்து அங்கேயே ஒரு பலகையில் அடித்துக்கொண்டிருப்பார்கள். அபதானி நிலப்பரப்பு 2014 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தலங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இருக்கிறது. அதைக் காப்பாற்றியவர்கள் அந்தப் பெண்கள்தான் என்று நான் நினைக்கிறேன்.

தஞ்சைவயல்

நன்றி அம்மா. மடையில் மரக்குழாய் என்றது மனதில் நிற்கிறது. என் மகளும் அவள் சிநேகிதிகளும் போவதாக இருந்தால் நானும் கூடவே போய் வயலைப் பார்த்துவிட்டு வருவேன்.

அரைக்கட்டை

நான் சின்னச் சின்ன மேடைகளில் பாஸ் கிட்டார் வாசிப்பவன். வடகிழக்கில் ராக் இசை எப்படி இவ்வளவு ஆழமாக வேர் பிடித்தது என்பதைச் சேர்த்துச் சொன்னால்தான் இந்த விழா புரியும்.

ஷில்லாங்கில் லூ மஜாவ் என்ற பாடகர் 1972 முதல் ஆண்டுதோறும் மே 24 அன்று அமெரிக்கப் பாடகர் பாப் டிலனின் பிறந்தநாளைப் பாடிக் கொண்டாடுகிறார். மணிப்பூரின் உக்ருல் பகுதியைச் சேர்ந்த ரூபென் மஷங்வா, தங்குல் நாகா மக்களின் நாட்டுப்பாடலை ப்ளூஸ் என்ற அமெரிக்க இசையோடு இணைத்தவர். அழிந்துபோகவிருந்த திங்தேலியா என்ற நரம்புக் கருவியை மேடைக்கேற்பத் திருத்தி மீண்டும் வாசிக்க வைத்தார். 2021இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். தேவாலயப் பாடகர் குழுவில் நான்கு குரலாகப் பிரிந்து பாடிப் பழகிய பிள்ளைகள் கிட்டாரை எடுத்தால் சுருதி எப்படிப் பிசகும்? அருணாசலத்துக்காரரான தாபா சாகே, நிஷி மொழியிலும் அசாமியிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் பாடுகிறார். அவர் கிட்டார் கம்பியை விரலால் மீட்டும் விதத்தை ஒரு தடவை கிட்டத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

ஜிரோவுக்கு வெளிநாட்டவரும் வந்திருக்கிறார்கள். சோனிக் யூத் என்ற அமெரிக்க ராக் குழுவின் லீ ரனால்டோவும் ஸ்டீவ் ஷெல்லியும் 2014இல் வாசித்தார்கள். எங்களைப் போன்றவர்களுக்கு அது பெரிய செய்தி. ஆனால் நாவற்பழம் சொன்னதே என் கருத்தும். பெரிய பெயருக்காக மட்டும் போகிறவர்கள் மாலைவரை அறையில் தூங்கிவிடுகிறார்கள். பகல் மேடையில், முப்பது நாற்பது பேர் முன்னால், முதல் முறையாக வெளியூரில் வாசிக்கும் ஒரு குழுவின் கை நடுக்கம் இரண்டாவது பாட்டில் நிற்பதைப் பார்ப்பதற்கு ஈடு கிடையாது.

ஒற்றையடி

எல்லோரும் புகழ்கிறீர்கள். ஒரு மாற்றுக் கருத்தைப் பதிவு செய்கிறேன், கோபிக்க வேண்டாம்.

நானும் போயிருக்கிறேன். மூக்கில் வட்டக் கட்டையும் முகத்தில் பச்சைக் கோடுமாக இருக்கும் வயதான அபதானிப் பெண்களைச் சுற்றி நின்று, ஒரு வார்த்தை கேட்காமல் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பச்சை குத்தும் வழக்கம் எழுபதுகளோடு நின்றுபோயிற்று. அந்தத் தலைமுறையில் மிஞ்சியிருப்பவர்கள் சிலரே. அவர்கள் வாசலில் உட்கார்ந்து மூங்கில் சீவுவது நம் படத்துக்காக அல்ல. ஒரு பாட்டி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போனதை என் கண்ணால் பார்த்தேன். மனம் கசந்துவிட்டது.

இன்னொன்று. சின்ன விழா, சின்ன விழா என்கிறீர்கள். ஆண்டுக்கு ஆண்டு கூட்டம் ஏறுகிறது. அந்தச் சிறு ஊரின் தண்ணீர், சாலை, குப்பை எல்லாம் அந்த நான்கு நாளில் என்ன பாடுபடும்? அவ்வளவு தூரம் போய்த்தான் நண்பர்களோடு பாட்டுக் கேட்க வேண்டுமா?

வெள்ளிமீன்

படம் எடுப்பது பற்றி நீங்கள் சொன்னதில் ஒரு எழுத்தையும் மாற்ற மாட்டேன். எங்கள் கூட்டத்தில் போகும் முன்பே பேசி வைத்த விதி அது. பெயர் கேட்டு, உட்கார்ந்து பேசி, அவர்களாகச் சம்மதித்தால் மட்டுமே படம். பாதிப் பேர் கேமராவையே வெளியில் எடுக்கவில்லை. ஊருக்குள் லபங் என்று உயர்த்திக் கட்டிய மரமேடை இருக்கும். நம்மூர்ச் சாவடியைப் போலப் பெரியவர்கள் கூடிப் பேசித் தீர்க்கும் இடம். அதில் ஏறி நின்று ஆடிப்பாடிப் படம் பிடிப்பவர்களைப் பார்த்தபோது நானும் போய் இறங்கச் சொன்னேன்.

நாவற்பழம்

ஒற்றையடி, கோபம் ஏதும் இல்லை. கூட்டம் பற்றி நீங்கள் கேட்டதற்கு என்னிடம் முழுப் பதில் கிடையாது, ஆனால் ஒன்றைப் பார்த்தேன். கடைகள் உள்ளூர்க்காரர்களுடையவை. வண்டி அவர்களுடையது, மூங்கில் அவர்கள் தோட்டத்தது. ஒவ்வொரு குடும்பமும் தனக்கென்று மூங்கில் தோப்பு வைத்திருக்கிறது, வெட்டிய இடத்தில் மறுபடி வளர்த்துவிடுகிறது. நாங்கள் தங்கிய வீட்டு அக்கா, இந்த வாரத்து வருமானத்தில் மகளின் கல்லூரிக் கட்டணம் கட்டிவிடுவேன் என்றார். ஹோங் ஊரில் உள்ளூர்ப் பெண் ஒருவர் கிவிப் பழத்திலிருந்து ஒயின் தயாரித்து 2017 முதல் விற்கிறார். விலை போகாமல் அழுகிய பழத்துக்கு வழி பிறந்திருக்கிறது. வெளியூரார் வரவால் வருவதெல்லாம் கேடு என்று சொல்லிவிட முடியாது.

ஆனால் விழா பெருத்துக்கொண்டே போக வேண்டாம் என்பதில் நான் உங்கள் பக்கம். பாடுகிறவரும் கேட்கிறவரும் ஒரே வரிசையில் நின்று சோறு வாங்கும் அளவுதான் சரியான அளவு. அதைத் தாண்டினால் நடுவில் கயிறு கட்டிவிடுவார்கள், தனி வாசல் வைத்துவிடுவார்கள். பிறகு அங்கே போக எனக்கு ஆசை இருக்காது.

உப்புக்காற்று

தூரம் பற்றி ஒற்றையடி கேட்டது நியாயமான கேள்வி. பெசன்ட் நகரை ஒட்டிய ஊரூர் ஆல்காட் குப்பத்தில் 2015இல் தொடங்கிய குப்பம் விழாவை இங்கே எத்தனை பேர் பார்த்திருக்கிறீர்கள்? பாடகர் டி.எம். கிருஷ்ணா, சூழலியல் ஆர்வலர் நித்யானந்த் ஜெயராமன் முதலியோர் குப்பத்து மக்களோடு சேர்ந்து தொடங்கியது. கடற்கரையில் மேடை. கர்நாடக சங்கீதமும் பறையும் வில்லுப்பாட்டும் ஒரே மாலையில். மீன்வலைக்குப் பக்கத்தில் மணலில் உட்கார்ந்து கேட்டோம். என் மனைவியின் தோழிகள், அவர்கள் பிள்ளைகள் என்று ஒரு பட்டாளமே வந்தது. ராக் இசையல்ல, இருந்தாலும் நீங்கள் எல்லாம் சொல்லும் அந்த நெருக்கம் அங்கே இருந்தது. பையனுக்கு அன்றுதான் பறையின் மேல் பித்துப் பிடித்தது, இன்றும் வாசிக்கிறான். ஜிரோவுக்குப் போங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. பஸ் டிக்கெட் செலவில் முடியும் இடங்களுக்கும் இதே நண்பர்களை அழைத்துக்கொண்டு போங்கள் என்கிறேன்.

அரைக்கட்டை

உப்புக்காற்று ஐயா சொன்னதை வழிமொழிகிறேன். சின்ன விழா பிழைக்க வேண்டுமானால் கேட்பவர்களும் கொஞ்சம் உழைக்க வேண்டும். வாசிப்பவன் என்ற முறையில் மூன்று வேண்டுகோள். பாட்டு நடக்கும்போது முன்வரிசையில் நின்று பேசாதீர்கள். மேடைக்கு அருகில் குழுக்கள் தங்கள் இசைத்தட்டையோ பனியனையோ விற்றால் ஒன்றாவது வாங்குங்கள். அந்தக் காசில்தான் பல குழுக்கள் ஊர் திரும்புகின்றன. பிடித்த பாட்டு எது என்று அவர்களிடம் போய்ச் சொல்லுங்கள். மறுபடி ஒத்திகைக்கு உட்காரும்போது அந்தச் சொல்தான் துணை.

மழை பற்றி வெள்ளிமீன் எழுதியதில் ஒரு சேர்க்கை. மழை வந்தால் மேடையில் இருப்பவர்களுக்கும் சிரமம், மின்சாரத்தையும் கருவிகளையும் காப்பாற்ற நிகழ்ச்சியை நிறுத்தி வைப்பார்கள். அந்த நேரத்தில் அறைக்கு ஓடிவிடாதீர்கள். நான் போனபோது அப்படி ஒரு மழை. கடையின் தகரக் கூரைக்குக் கீழே நெருக்கியடித்து நின்றோம். யாரோ ஒருவர் தாளம் போட, இரண்டு பேர் பாட, அசாமியக் கூட்டம் ஒன்று பிஹுப் பாட்டை எடுத்துவிட்டது. அப்புறம் நாங்கள் ஒரு தெம்மாங்கு. மழை நின்று மேடையில் விளக்கு வந்த பிறகும் அந்தக் கூரையை விட்டு யாரும் நகரவில்லை.

ஒற்றையடி

அந்த மழை நாளில் நானும் அங்கே இருந்திருக்கலாம் என்று தோன்றுகிறது. தகரக் கூரைப் பாட்டு எனக்கும் நினைவிருக்கிறது. கசப்பை மட்டும் எழுதியது முழு உண்மை ஆகாது என்பதால் இதையும் சேர்க்கிறேன். இரவு மேடை முடிந்து திரும்பும் வழியில், முன்பின் தெரியாத ஒரு கூட்டம் தங்கள் டார்ச் வெளிச்சத்தில் எங்களை வரப்பு வழியாக ஹோங் வரை கொண்டுவந்து விட்டது. அவர்களில் இருவரோடு இன்றும் பேசிக்கொண்டிருக்கிறேன். ஒருவர் அசாமின் மஜூலியில் பள்ளி ஆசிரியர்.

கடற்கரைச்சாலை

வீட்டில் இந்த இழையை வாசித்துக் காட்டினேன். அம்மா சம்மதித்துவிட்டார்! ரப்பர் பூட்ஸ் விஷயத்தைக் கேட்டுத்தான் மனம் இறங்கினார் என்று நினைக்கிறேன். இனிப் பயண விவரம் மட்டும். குவாஹாத்தி வரை விமானம், அதற்குப் பிறகு எப்படி? அனுமதிச் சீட்டு எங்கே வாங்குவது?

வெள்ளிமீன்

அம்மாவுக்கு என் வணக்கம்.

அருணாசலத்துக்குள் நுழைய இன்னர் லைன் பெர்மிட் கட்டாயம். இணையத்தில் விண்ணப்பிக்கலாம். புகைப்படமும் அடையாள அட்டையும் போதும். கடைசி நேரத்துக்கு வைக்காதீர்கள். அச்சடித்த பிரதி ஒன்று, கைப்பேசியில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். வழியில் கைப்பேசிக்குச் சிக்னல் இல்லாத இடங்கள் உண்டு. குவாஹாத்தியிலிருந்து இரவு ரயில் ஒன்று நாகர்லகூன் வரை போகிறது, காலையில் இறங்கிவிடலாம். இட்டாநகருக்குப் பக்கத்தில் ஹொல்லோங்கியில் 2022இல் திறந்த விமான நிலையமும் இருக்கிறது. ஆனால் நண்பர்களோடு போகும்போது ரயில்தான் சுகம்.

நாகர்லகூனிலிருந்து ஜிரோவுக்குப் பலர் பங்கிட்டுப் போகும் சூமோ ஜீப். நூறு கிலோமீட்டர்தான், ஆனால் மலைப்பாதை, நான்கு மணி நேரம் என்று கணக்கு வையுங்கள். வழியில் யசாலியில் ரங்கநதி அணைக்கட்டு தெரியும், அங்கே நிறுத்தித் தேநீர் குடிப்பார்கள். வாந்தி வரும் பழக்கம் உள்ளவர்கள் பின்னிருக்கையைத் தவிர்க்கவும். விழா டிக்கெட்டை முன்கூட்டியே வாங்கினால் விலை குறையும். தங்கும் வீட்டை அதற்கும் முன்பே பேசிவிடுங்கள், விழா நெருங்கினால் அறை கிடைக்காது.

தஞ்சைவயல்

மகளிடம் பேசிவிட்டேன். அவளும் இரண்டு சிநேகிதிகளும் நானும். கடற்கரைச்சாலை, உங்கள் நால்வரோடு சேர்ந்தால் எட்டுப் பேர் ஆகிறோம். சூமோவை முழுதாகப் பேசிக்கொள்ளலாமா? முன்னிருக்கை எனக்கு வேண்டாம், பிள்ளைகளே உட்காரட்டும்.

கடற்கரைச்சாலை

கட்டாயம் பேசலாம் ஐயா. தோழிகளிடம் கேட்டுவிட்டு இன்றிரவே உங்களுக்குத் தனிச்செய்தி அனுப்புகிறேன். எங்களில் ஒருத்திக்கு வேளாண் கல்லூரியில் படிப்பு, வயலுக்கு உங்களோடு தானும் வருவேன் என்று இப்போதே சொல்லிவிட்டாள்.